சர்க்யூட் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த மறுநாள் காலை. வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, மனைவி கேட்டைப் பூட்டிவிட்டு வந்து ஏறுவதற்குள் மீட்டரில் அந்த மஞ்சள் இன்ஜின் படம், அதாவது செக் இன்ஜின் லைட், எரிந்துவிட்டது. ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. சத்தம் இல்லை, உதறல் இல்லை, பிக்கப்பும் குறையவில்லை. "என்னங்க இது, போகலாமா?" என்று கேட்டாள். லைட் நிலையாகத்தான் எரிகிறது, போகலாம் என்று சொல்லி, திருச்சியிலிருந்து துவாக்குடி வரை வழக்கம்போல ஓட்டிக்கொண்டு போனேன்.

நிலையாக எரிந்தால் இன்ஜின் சூட்டையும் ஆயில் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகப் போகலாம். விட்டு விட்டு எரிந்தால் போகக் கூடாது. என் தம்பியின் காரில் ஒருமுறை அப்படித்தான் ஆனது. வாட்டர் வாஷ் விட்டு எடுத்து வந்த அன்றே மேட்டில் ஏறும்போது வண்டி உதறியது, லைட் கண் சிமிட்டுவது போல அணைந்து அணைந்து எரிந்தது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். போகிற பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி சூட்டில் உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் அது, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 என்ற கோட் (கோளாறுக் குறியீடு) வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். உடனே பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலை வாங்க ஓடவில்லை. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போட்டு, கோட்டை அழித்துவிட்டுத் தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றினோம். இப்போது பி0303 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்தே இடம் மாறிவிட்டது, ஆக காயில்தான். பி0302 என்றே மறுபடி வந்திருந்தால் காயிலை விட்டுவிட்டு பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்த்திருப்போம். பத்து மில்லிமீட்டர் ஸ்பானர் ஒன்று போதும், இருபது நிமிட வேலை.

என் கதைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தவர், "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மீதி இருக்கிறது என்று பார்க்கும் பொருள் அது. லேபரோடு 6,800 ரூபாய். அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவே இல்லை. திரையில் ஆக்சிஜன் சென்சார் என்று வந்தது, அவர் அதைச் சொன்னார். வரிசையில் இன்னும் நாலு வண்டி நிற்கும்போது யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர் வாசித்துக் காட்டிய வரியில் இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன. பி0135, ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட். அந்த ஹீட்டரையும் சர்க்யூட்டையும் விட்டுவிட்டுச் சென்சாரை மட்டும் எடுத்துக்கொண்டால் பணம் வீணாகும். வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை என்றால் பல்பும் போயிருக்கலாம், சுவிட்சும் போயிருக்கலாம், இடையில் எங்காவது வயர் விட்டிருக்கலாம். சர்க்யூட் என்ற சொல்லுக்குள் இது எல்லாமே அடக்கம். நாளைக்கு வருகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என்னிடம் இருப்பது ஆன்லைனில் 700 ரூபாய்க்கு வாங்கிய இஎல்எம் 327 புளூடூத் அடாப்டர். டிரைவர் காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, மொபைலில் ஒரு செயலி போட்டுக்கொண்டால் சரி. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே இந்தச் சாக்கெட் கட்டாயம். நம் நாட்டில் ஓபிடியின் (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் முறை) முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. என்னுடையது 2015 மாடல் பெட்ரோல் வண்டி, எந்தச் சிரமமும் இல்லாமல் இணைந்துகொண்டது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அடாப்டரோ புளூடூத் எல்இ உள்ளதோ பார்த்து வாங்க வேண்டும், சாதாரண புளூடூத் அடாப்டர் அதில் வேலை செய்யாது. வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். அந்தச் சாக்கெட்டின் 16வது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் இருக்கும், வண்டி நாள்கணக்கில் நின்றால் பேட்டரி இறங்கிவிடும்.

கோட்டைப் பார்த்ததும் அழி பொத்தானை அழுத்தத்தான் எல்லோருக்கும் கை போகும். அழுத்தாதீர்கள். கோளாறு பதிவான அந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியூ என்னும் இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு போட்டோ போல எடுத்து வைத்திருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோட்டை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் போய்விடும், அதனால் முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியின் ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 0, கூலன்ட் சூடு 38 டிகிரி. அதாவது ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம்கூட ஆகாத நேரம், மனைவி கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்த அதே நேரம்.

இந்த எண் எனக்கு நிறையச் சொன்னது. ஆக்சிஜன் சென்சார் வேலை செய்ய ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். புகையின் சூட்டிலேயே அது சூடாகிவிடும், ஆனால் நேரம் பிடிக்கும்; அதனால்தான் உள்ளே ஒரு சின்ன ஹீட்டரை வைத்திருக்கிறார்கள். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் வண்டி சூடாகும் வரை இசியூ புகையைப் பார்க்காமல் ஒரு கணக்கில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். அப்படியானால் வண்டி நன்றாகச் சூடான பிறகு சென்சார் சரியாகப் பேச வேண்டும் அல்லவா? மறுநாள் காலையில் பார்த்தேன். ஸ்டார்ட் செய்து லைவ் டேட்டாவில் முன் சென்சாரின் வோல்ட்டேஜை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், எண் ஒரே இடத்தில் அசையாமல் கிடந்தது. திருவெறும்பூர் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது மறுபடி பார்த்தேன், 0.1, 0.8, 0.2, 0.7 என்று ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் கலவை கூடும்போது ஏறும், குறையும்போது இறங்கும், இந்த வகை சென்சார் ஆரோக்கியமாக இருந்தால் இப்படித்தான் ஆடும். சென்சாருக்கு உயிர் இருக்கிறது. மாற்றச் சொன்ன பொருளின் முக்கியமான பாதி நன்றாக இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது, மீதி இருப்பது ஹீட்டரும் அதற்குப் போகும் வயரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு பானட்டைத் திறந்தேன். இதில் அவசரம் வேண்டாம், சென்சார் இருப்பது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், கை பட்டால் தோல் உரிந்துவிடும். என் வண்டியில் சென்சாரிலிருந்து நான்கு வயர் வருகிறது, அதில் வெள்ளை நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு. வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் அந்த இரண்டு வெள்ளை வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தேன். 7.4 காட்டியது. ஹீட்டர் கம்பி அறுந்திருந்தால் எண்ணே வராது. அப்புறம் சாவியை ஆனில் வைத்து, வண்டிப் பக்கத்துக் கப்ளரில் ஹீட்டருக்குக் கரண்ட் வர வேண்டிய பின்னைப் பார்த்தேன். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம். பியூஸ் பெட்டியில் அதற்குரிய 15 ஆம்பியர் பியூஸின் இரண்டு தலையிலும் 12 வோல்ட் இருந்தது. பியூஸ் வரை கரண்ட் வருகிறது, கப்ளருக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒன்றரை மீட்டர் வயர்.

அந்த வயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரி ட்ரேக்கு அடியில் அது வளைந்து திரும்பும் இடத்தில் விரலுக்கு ஏதோ சொரசொரவென்று பட்டது. நெகட்டிவை முதலில் கழற்றி, பேட்டரியையும் ட்ரேயையும் வெளியே எடுத்தால் அங்கே ஒரு குடித்தனமே நடந்திருக்கிறது. வேர்க்கடலைத் தோல், தேங்காய் நார், பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைப் பிய்த்துப் போட்ட ஒரு மெத்தை, எலிப் புழுக்கை. வயரின் மேலுறை இரண்டு விரற்கடை நீளத்துக்கு இல்லை, உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து அறுந்து கிடந்தது. பக்கத்து வயரிலும் பல் பட்ட தடம் இருந்தது, ஆனால் செம்பு வெளியே தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை, முழுக்கப் புதர். மூன்று நாள் மழையில் வளையெல்லாம் தண்ணீர் புகுந்திருக்கும், எலிக்கு என் சூடான இன்ஜின்தான் கிடைத்திருக்கிறது.

பச்சை பூத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமனில் ஒரு துண்டு வயரைச் சேர்த்து, இரண்டு முனையிலும் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினேன். வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். இன்ஜின் அதிர்விலும் ஈரத்திலும் ஆறு மாதத்தில் அது மறுபடி விட்டுப்போகும். செலவு 50 ரூபாய்க்குள். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, அறுந்த வயரைப் படம் எடுத்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காட்டலாம். கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டால் அவருக்கு அது பத்து நிமிட வேலை.

யூடியூபில் இந்த லைட்டைப் பற்றித் தேடினால் பெட்ரோல் மூடியை இறுக்கிப் பாருங்கள் என்றுதான் முதலில் வரும். அது அமெரிக்க வண்டிகளுக்கான அறிவுரை. அங்கே டாங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதிப்பது கட்டாயம். நம் ஊரில் ஓடும் பல கார்களில் அந்தச் சோதனையே கிடையாது. இங்கே நான் முதலில் பார்ப்பது எலியை. ஓடும் வண்டியை விட நிற்கும் வண்டிக்குத்தான் அது ஆபத்து. புகையிலை கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்கள், நானும் செய்து பார்த்தேன், ஈரம் பட்டதும் வாசனை போய்விடுகிறது. இப்போது வயர்க்கட்டு முழுக்க நெளிவுக் குழாய் போட்டிருக்கிறேன், காலி மனை பக்கம் நிறுத்துவதில்லை, வாரம் ஒருமுறை பேட்டரி ட்ரேக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

அன்று பேட்டரியை மாட்டிச் சாவி போட்டால் லைட் அப்படியே எரிந்தது. என் வண்டியின் இசியூ பேட்டரியைக் கழற்றியும் கோட்டை மறக்கவில்லை. நானும் வேண்டுமென்றே அழிக்கவில்லை. கோளாறு உண்மையிலேயே தீர்ந்திருந்தால் தொடர்ந்து மூன்று ஓட்டம் சுத்தமாக முடிந்ததும் லைட்டை இசியூவே அணைக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். திங்கள் காலை ஸ்டார்ட் செய்ததும் மொபைலில் அந்த வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, 0.4 என்று நின்ற எண் 0.7க்கு எகிறி, 0.2க்கு விழுந்து, ஆட ஆரம்பித்தது. செவ்வாய், புதன் அதே மாதிரி. வியாழக்கிழமை காலை வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினேன். மனைவி கேட்டைப் பூட்டிவிட்டு வந்து ஏறி, மீட்டரை எட்டிப் பார்த்து, "லைட்டைக் காணோமே" என்றாள்.