ஃப்ரீபிஎஸ்டி: ரூட் இல்லாமல் பென்டிரைவ் மவுண்ட் செய்ய

ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி) அல்லாத சாதாரணப் பயனர் பென்டிரைவை மவுண்ட் செய்ய, அதாவது ஒரு கோப்புறையில் இணைத்துத் திறக்க, யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் மூன்று இடத்தில் அனுமதி வேண்டும். எதை விட்டாலும் வருவது ஒரே பிழைதான்: 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்'. எது குறைகிறது என்று சொல்லாது. எனக்கு நேரம் போனது முழுக்க இதில்தான்.

முதலில் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. ரூட்டாக 'சிஸ்சிடிஎல் விஎஃப்எஸ்.யூசர்மவுண்ட்=1' கொடுங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க, விஎஃப்எஸ் தொடங்கி உள்ள பகுதியை சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது டிவைஸ் கோப்பு, அதாவது வன்பொருளைக் குறிக்கும் கோப்பு. பென்டிரைவைச் செருகினால் /டெவ்-இல் டிஏ0, டிஏ0எஸ்1 தோன்றும், பிடுங்கினால் மறையும். அதனால் சிஎச்மாட் கட்டளையால் அனுமதியை மாற்றினாலும் அது அந்த ஒரு தடவைக்குத்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் /ஈடிசி/டெவ்எஃப்எஸ்.ரூல்ஸ் கோப்பில் எழுதுங்கள்:

[லோக்கல்ரூல்ஸ்=10]
ஆட் பாத் 'டிஏ*' மோட் 0660 குரூப் யூஎஸ்பி

பழைய குறிப்புகளில் 10 இருக்கும் இடத்தில் 5 இருக்கும். அந்த எண் இப்போது ஜெயில் விநெட் (தனி நெட்வொர்க் உள்ள, பிரித்துவைத்த சூழல்) விதிகளுக்குப் போய்விட்டது, அப்படியே நகலெடுக்காதீர்கள். கணினி தொடங்கும்போது படிக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் டெவ்எஃப்எஸ்_சிஸ்டம்_ரூல்செட்="லோக்கல்ரூல்ஸ்" சேர்த்து, 'சர்வீஸ் டெவ்எஃப்எஸ் ரீஸ்டார்ட்' கொடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்கஸி, எஸ்ஏஎஸ் டிஸ்க்குகளுக்கும் டிஏ என்றுதான் பெயர். அப்படி இரண்டு டிஸ்க் இருந்தால் 'டிஏ[2-9]*' என்று எழுதாவிட்டால் அவற்றையும் யூஎஸ்பி குழுவில் உள்ள யார் வேண்டுமானாலும் அழிக்கலாம்.

'யூஎஸ்பி' குழுவை 'பிடபிள்யூ குரூப்ஆட்' கட்டளையால் முன்னமே உருவாக்கி, 'பிடபிள்யூ குரூப்மாட் யூஎஸ்பி -எம் பயனர்பெயர்' என்று ஆளைச் சேர்க்க வேண்டும். பலரும் ஆபரேட்டர் குழுவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். வேண்டாம், அந்தக் குழுவில் இருப்பவர் டிஸ்க்குகளை நேரடியாகப் படிக்கலாம், கணினியை ஷட்டவுன்கூடச் செய்யலாம். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும். 'ஐடி' என்று அடித்தால் குழுவின் பெயர் தெரிய வேண்டும்.

மூன்றாவது, மவுண்ட் செய்யும் கோப்புறை அந்தப் பயனருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்தாலும் கெர்னல் ஏற்காது; அது பார்ப்பது உரிமையாளரை. வீட்டுக் கோப்புறைக்குள் 'எம்கேடிர்' செய்வது சுலபம். பிறகு (எம்எஸ்டாஸ்எஃப்எஸ் என்பது ஃபேட் வடிவ டிரைவுக்கு):

மவுண்ட் -டி எம்எஸ்டாஸ்எஃப்எஸ் /டெவ்/டிஏ0எஸ்1 ~/பென்

இப்படி மவுண்ட் ஆவதில் நோசூயிட் (டிரைவில் உள்ள புரோக்ராம் வேறு பயனரின் அதிகாரத்தில் ஓடாமல் தடுப்பது) தானாகவே சேர்ந்துவிடும், நல்லதுதான். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவ டிரைவ் என்றால் ஈஎக்ஸ்டி2எஃப்எஸ் மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் கூடுதல் பகுதி) ஆர்சி.கான்ஃப்-இன் கேஎல்டி_லிஸ்ட்டில் போட்டுவைக்க வேண்டும். சாதாரணப் பயனரால் மாட்யூல் ஏற்ற முடியாது.

மவுண்ட் செய்தவரே 'யூமவுண்ட்' செய்யலாம். 'டிவைஸ் பிஸி' என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறது. 'எஃப்ஸ்டாட் -எஃப் ~/பென்' எந்தப் புரோக்ராம் என்று காட்டிவிடும்.