சாளரத்தின் சுழற்சியிலேயே சாக்கெட்டுக்கும் ஓரிடம்

வெப்பநிலை உணரிகளின் அளவீடுகளை டிசிபி என்னும் பிணைய இணைப்பு வழியே பெற்று வரைகோடாகக் காட்டும் சிறிய லினக்ஸ் செயலி ஒன்றை சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் ஜிடிகே 3 நூலகத்தைக் கொண்டு எழுதி வருகிறேன். தொடக்கத்தில் 50 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சாக்கெட்டை (அந்த இணைப்பில் நம் செயலியின் முனையை) எட்டிப் பார்க்கும் டைமர் ஒன்றை வைத்திருந்தேன். எதுவும் வராத வேளையிலும் செயலி விநாடிக்கு 20 முறை வீணாக விழித்தது. வந்த தரவோ அடுத்த முறைக்காகக் காத்துக் கிடந்தது. செயலிக்குள்ளேயே இணையாக ஓடும் தனி த்ரெட் அமைத்தாலும், ஜிடிகே அழைப்புகளை முதன்மை த்ரெட்டில்தான் செய்ய வேண்டும் என்பதால், தரவை மீண்டும் அங்கேயே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

உண்மையில், லினக்ஸின் திரை அமைப்பு எக்ஸ்11 ஆனாலும் வேலண்ட் ஆனாலும், திரையை ஆளும் சர்வரோடு நம் செயலி பேசுவதே ஒரு சாக்கெட் வழியாகத்தான். ஜிடிகேயின் அடித்தளமான ஜிலிப் நூலகத்தின் ஈவென்ட் லூப், அதாவது நிகழ்வுகளுக்குக் காத்திருந்து அவற்றைக் கையாளும் சுழற்சி, அந்தச் சாக்கெட்டின் மீது ‘போல்’ என்னும் சிஸ்டம் காலில் (இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்பில்) உறங்கிக் காத்திருக்கிறது. அதே காத்திருப்பில் நம் சாக்கெட்டையும் சேர்த்துவிட, ஜிலிப் 2.36 முதல் உள்ள ‘ஜி_யுனிக்ஸ்_எஃப்டி_ஆட்’ என்ற ஒரே அழைப்பு போதும்.

சேர்த்த பின் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சாக்கெட், தரவு இல்லாவிட்டால் காத்து நிற்காமல் உடனே திரும்பும் நான்-பிளாக்கிங் நிலையில் இருக்க வேண்டும். மறுமுனை இணைப்பை மூடினால் படிப்பதற்கான ‘ரீட்’ அழைப்பு சுழியத்தைத் தரும். அப்போது கண்காணிப்பை நீக்காவிட்டால் சாக்கெட் எப்போதும் ‘படிக்கலாம்’ என்றே தெரிவித்துக்கொண்டிருக்க, சிபியு முழுவதும் அதற்கே செலவாகும். எழுதுவதற்கான கண்காணிப்பையும் அனுப்பத் தரவு எஞ்சியிருக்கும்போது மட்டுமே வைக்க வேண்டும்.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது முன்னுரிமைதான். அளவீடுகள் வெள்ளமாக வந்தபோது, பொத்தானை அழுத்தினால் அதற்குரிய வேலை நடந்தது. திரையில் மட்டும் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஜிலிப்பில் எண் சிறிதானால் முன்னுரிமை பெரிது. ஒவ்வொரு சுற்றிலும், தயாராக இருப்பவற்றுள் மிக உயர்ந்த முன்னுரிமை கொண்டவை மட்டுமே இயங்கும். சாக்கெட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது 0. சுட்டி, விசைப்பலகை நிகழ்வுகளுக்கும் அதுவே. திரையை மீண்டும் வரைவதற்கோ 120. ஒவ்வொரு சுற்றிலும் சாக்கெட்டில் ஏதாவது வந்து நின்றதால், வரைதலுக்கு முறையே வரவில்லை.

‘ஜி_யுனிக்ஸ்_எஃப்டி_ஆட்_ஃபுல்’ என்ற அழைப்பைக் கொண்டு சாக்கெட்டின் முன்னுரிமையை 200 ஆக்கினேன். தரவு வரும்போது ஜிலிப் அழைக்கும் நம் செயற்கூறான கால்பேக் ஒருமுறை படிக்கும் அளவையும் 16 கிலோபைட்டுக்குள் நிறுத்தினேன். வரைதல் திரையின் புதுப்பிப்பு வேகத்திற்குக் கட்டுப்பட்டே நடப்பதால், இரு சட்டகங்களுக்கு நடுவே படிப்பதற்கு நேரம் கிடைக்கிறது. செயலி பின்தங்கி, வந்த தரவை இயங்குதளத்தின் கெர்னல் தேக்கி வைக்கும் பெறுதல் பஃபர் நிறைந்தாலும், டிசிபி தானே அனுப்புநரின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வந்து சேர்ந்த அளவீடு எதுவும் தொலைவதில்லை.