சுருதிக்கு வந்த மைல்ஸ் டேவிஸ், பிடி கொடுக்காத சன் ஹவுஸ்

ஒருவழியாக வேலை முடிந்தது. என்னிடம் இருக்கும் மைல்ஸ் டேவிஸின் பழைய ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஜாஸ் இசைத்தட்டின் முதல் பக்கம் இப்போது கச்சிதமாக இரண்டு கட்டையில் நிற்கிறது. சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வைத்துவிட்டு அதன் முதல் உருப்படி ‘ஸோ வாட்’டை ஓடவிட்டேன். பால் சேம்பர்ஸ் மீட்டும் பாஸ் அதோடு இழைந்து போனது. எழுந்து நின்று கைதட்டினேன்.

கதை ஜாஸ் கேட்பவர்களுக்குத் தெரிந்ததுதான். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். அன்று பதிவான முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியேதான் விற்றன. கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை எடுத்து 1992இல்தான் சரி செய்து வெளியிட்டார்கள். புதுப் பதிப்பை வாங்கினால் பிரச்சினை இல்லைதான். ஆனால் எனக்கு இந்தத் தட்டின் ஒலி வேண்டும். டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் தாளத்தட்டில் பிரஷ் வைக்கும் சத்தம் இதில் இருக்கிற மாதிரி வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எவ்வளவு இறக்குவது என்பதில்தான் சிக்கல். டர்ன்டேபிளின் வேகத்தையே நம்பாதபோது எதை வைத்து அளப்பது? அதற்கு விடை தட்டின் மறுபக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 அன்று பதிவானது. அன்று மெஷின் சரியாக ஓடியிருக்கிறது. ஆகவே முதலில் ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’ தொடக்கத்தில் பில் எவன்ஸ் நிதானமாக வைக்கும் பியானோ சுரங்களை ஒரு கட்டைக்குக் கொண்டுவந்து, டர்ன்டேபிளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை அங்கேயே விட்டுவிட்டுத் தட்டைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு தெரியும் வித்தியாசம் முழுக்க அந்த டேப் மெஷினுடையது.

சொல்வதற்குச் சுலபம். உண்மையில் உயிரை வாங்கியது நடு ஓட்டை. என் தட்டில் முதல் பக்கத்துத் தடங்கள் ஓட்டைக்கு நேர் மையமாக இல்லை. இரண்டு பக்கங்களையும் தனித்தனி அச்சுகள் அழுத்துவதால் ஒரு பக்கம் சரியாக இருந்து மறுபக்கம் விலகியிருக்கலாம். மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் தடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகல் இருந்தால் வேகம் ஒரு சதவீதம் ஏறி ஒரு சதவீதம் இறங்கும். அரைக் கட்டையை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். அந்தக் கணக்கில் மேலே 17 சென்ட், கீழே 17 சென்ட். நான் தேடுகிற மொத்தப் பிழையே அரைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்கு, 20 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். சுற்றுக்குச் சுற்று இப்படி அலையும் தட்டில் எதை அளப்பது?

வட்ட அரத்தை எடுத்து ஓட்டையைத் துளி பெரிதாக்கினேன். சேகரிப்பாளர்கள் திட்டட்டும், எனக்குத் தட்டு கேட்பதற்கு. பிறகு தடத்தில் ஊசி ஓடும்போது அதைத் தாங்கும் டர்ன்டேபிள் கையைப் பக்கவாட்டில் பார்த்து, அது இடம் வலமாக ஆடுவது நிற்கும்வரை தட்டை விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பொருத்தினேன். மிச்சமிருந்த ஆட்டத்துக்கு கணினியில் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 1.8 விநாடித் துண்டுகளாக வெட்டிச் சராசரி எடுத்தேன். 33⅓ வேகத்தில் ஒரு சுற்று அவ்வளவு நேரம்தான். முழுச் சுற்றுக்கு எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் அடிபட்டுப்போகும். ஸ்லைடர் ஒன்றேகால் சதவீதத்துக்குக் கிட்டே இறங்கியதும் சுருதி சேர்ந்தது. மைல்ஸின் டிரம்பெட்டில் ஒரு கனம் வந்துவிட்டது. ‘ப்ளூ இன் க்ரீன்’ இன்னும் தளர்ந்து மூச்சு விடுகிறது.

கர்நாடக சங்கீதம் கேட்பவர்கள் ‘ஸோ வாட்’டில் தொடங்கலாம். அது நடப்பது கரகரப்ரியாவின் சுரங்களில். நடுவே எட்டு பார் மட்டும் அரைக் கட்டை மேலே போய்த் திரும்பும். சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் ‘இம்ப்ரெஷன்ஸ்’ நிற்பதும் இதே அமைப்பில்தான். கையோடு அதையும் போட்டுக் கேட்டேன், 2023இல் வெளிவந்த ‘ஈவினிங்ஸ் அட் த வில்லேஜ் கேட்’டில். 1961 ஆகஸ்டில் வில்லேஜ் கேட் என்ற நியூயார்க் கிளப்பின் புது ஒலி அமைப்பைச் சோதிக்க ரிச் ஆல்டர்சன் ஒரே மைக்கில் எடுத்த டேப். காணாமல் போய், நியூயார்க் பொது நூலகத்தின் கலைப் பிரிவில் கண்டெடுக்கப்பட்டது. எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் எல்லாரையும் அமுக்குகிறது என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அப்படித்தானே கேட்கும். எரிக் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டுக்காகவும், இரண்டு தந்தி பாஸோடு வரும் ‘ஆஃப்ரிக்கா’வுக்காகவும் வாங்கலாம். வேகத்தில் நான் கை வைக்கவில்லை. கிளப் பியானோவின் சுருதியை அளவுகோலாக நம்ப முடியாது.

மசியாதவர் ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ். 1930இல் விஸ்கான்சின் மாநிலம் கிராஃப்டனில் பாராமவுண்ட் கம்பெனிக்காக அவர் பாடிய ‘கிளார்க்ஸ்டேல் மோன்’ தட்டு 2005இல்தான் கிடைத்தது. அடுத்த வருஷம் சிடியில் வந்தது. பாராமவுண்ட் ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை. மட்டமான அரக்குக் கலவையில் அழுத்திய தட்டுகள். இரைச்சல் மழையாகக் கொட்டுகிறது. அதைக்கூடத் தாங்கிவிடலாம். பியானோவே இல்லையே! கிட்டாரைத் தன் குரலுக்கு ஏற்ற மாதிரி முறுக்கிக்கொண்டு பாடுபவரின் வேகத்தை எதை வைத்துப் பிடிப்பது?

குரலையே அளவுகோலாக்கிப் பார்க்கிறேன். 1964 நவம்பரில் இந்தியானாவின் வாபாஷ் கல்லூரியில் அவர் பாடியது ‘ஃபாரெவர் ஆன் மை மைண்ட்’ என்று 2022இல் வெளியானது. டேப்பில் எடுத்த சுத்தமான பதிவு. பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். ப்ளூஸ் பக்கம் வராதவர்கள்கூட முதலில் கேட்க வேண்டியது அதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, அவர் ‘ம்ம்ம்’ என்று இழுக்கும் இடங்களை ஒப்பிடுகிறேன். இடையில் முப்பத்து நாலு வருஷம். குரல் தடித்தது வயசாலா, தட்டின் வேகத்தாலா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு சதவீதம் இறக்கினால் நம்பும்படி இருக்கிறது. இறக்காமலும் நம்பும்படிதான் இருக்கிறது. விடுவதாக இல்லை.

அதற்குள் கை அடுத்ததற்குப் போய்விட்டது. டெடி வெதர்ஃபோர்டின் 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய வகை) ஒன்று வந்திருக்கிறது. சிகாகோவில் பேர் வாங்கிய பியானோக்காரர். கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்து, 1945இல் அந்த ஊரிலேயே காலராவில் இறந்தார். கொலம்பியாவுக்காகக் கல்கத்தாவில் அவர் பதிவு செய்தவற்றில் ஒன்று, டம்டம் ஆலையில் அச்சானது. இதற்கு 3 மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆன்லைனில் ஒருவர் ‘78 ஊசி’ என்று சொல்லிச் சாதாரண எல்பி ஊசியை அனுப்பிவிட்டார். நுனியை லென்ஸில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தர இழுத்தடிக்கிறார். இப்போது வேறு இடத்தில் 3 மில்லோடு, தேய்ந்த தடத்தில் இன்னும் மேலே உட்காரும் 3.5 மில்லும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். வந்ததும் முதல் வேலை இதுதான். இதில் பியானோ இருக்கிறது.