வேலை முடியாமலே ஓய்ந்திருப்பது

புது வேலை கிடைத்தால் சபையில் சாட்சி சொல்கிறோம். பதவி உயர்வு வந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். சம்பளம் வந்ததும் தசமபாகத்தைத் தனியே எடுத்து வைக்கிறோம். அதே வேலையிலிருந்து வாரத்தில் ஒரு நாள் விலகியிருப்பதும் நன்றிதான் என்று நினைப்பவர்கள் குறைவு. பெரும்பாலானோருக்கு ஓய்வு என்பது மிச்சம் விழுந்த நேரம், அல்லது உடம்பு கெஞ்சும்போது கொடுக்கும் சலுகை.

ஓய்வுநாளின் பாட்டு என்று தலைப்பிடப்பட்டிருப்பது 92ஆம் சங்கீதம். கர்த்தரைத் துதிப்பது நலம் என்றே அது தொடங்குகிறது. நான்காம் வசனத்தில் சங்கீதக்காரனை மகிழ வைப்பது கர்த்தருடைய கரத்தின் கிரியைகள். தன்னுடைய வேலையைப் பற்றி அவன் பேசவே இல்லை. ஆறு நாளும் நம் கை செய்ததையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணை ஒரு நாள் திருப்பி வைப்பதில்தான் ஓய்வு நன்றியாகிறது.

இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதற்கு யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் தந்த உணவான மன்னா தினமும் தலைக்கு ஒரு ஓமர் அளவு. ஆறாம் நாளில் இரண்டு ஓமர். மற்ற நாட்களில் மீத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாளில் வைத்தது கெடவில்லை. சுட வேண்டியதைச் சுட்டு, வேக வைக்க வேண்டியதை வேக வைத்து, முன்கூட்டியே எடுத்து வையுங்கள் என்று மோசே சொல்கிறார். அப்படியும் ஏழாம் நாள் சிலர் வெளியே போய்த் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வீட்டில் சாப்பாடு இருந்தது. கொடுக்கப்பட்டது போதும் என்ற நம்பிக்கைதான் இல்லை. விடுமுறை நாளில் ‘சும்மா ஒரு தடவை’ மெயிலைத் திறந்து பார்ப்பவர் செய்வதும் இதைத்தான்.

ஆகவே ஓய்வுநாளுக்கான வேலை அதற்கு முந்தின நாளில் இருக்கிறது. வாரத்தின் கடைசி வேலை நாளில் கடைசி 45 நிமிடத்தைக் காலண்டரில் மறித்து வைத்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு வேறு மீட்டிங் ஏற்காதீர்கள். அதில் எழுத வேண்டியது, நீங்கள் இல்லாதபோது வேலையைப் பார்த்துக்கொள்பவருக்கு அரைப் பக்க ஹேண்ட்ஓவர் குறிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விஷயம் போதும்: எங்கே நிற்கிறது, கோப்பு எங்கே இருக்கிறது, யார் காத்திருக்கிறார், எதுவரை காத்திருக்கலாம். எது அவசரம் என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்களின் உயிர், பாதுகாப்பு, சேவை முற்றிலும் நின்றுபோவது, திரும்பப் பெற முடியாத பண இழப்பு, இவ்வளவுதான் அவசரம். அப்படி வந்தால் போனில் கூப்பிடச் சொல்லுங்கள், மெசேஜ் வேண்டாம். மெசேஜ் என்று வைத்துவிட்டால் அவசரமா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே குழுவை மணிக்கு ஒரு தரம் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அழைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை; போன் அடிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடலாம்.

கடைசியாக, பாதியில் நிற்கும் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அடுத்த படியை ஒரே வரியில் எழுதுங்கள். ‘அறிக்கை’ என்று எழுதினால் மனசு அதையே மென்றுகொண்டிருக்கும். ‘திங்கள் 9.30, மூன்றாம் அட்டவணையின் கூட்டுத்தொகையைச் சரிபார்’ என்று எழுதினால் விட்டுவிடும். பிறகு அதே பட்டியலை வைத்துக்கொண்டு ஜெபிக்கலாம்: முடிந்தவற்றுக்கு ஸ்தோத்திரம், முடியாதவற்றையும் அப்படியே அவர் கையில் ஒப்புக்கொடுத்தல். முடியாதவற்றைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

எந்த நேரத்தில் தொடங்குவது? ஆதியாகமம் முதல் அதிகாரம் நாளைச் சாயங்காலத்திலிருந்து எண்ணுகிறது. சனி மாலை 6 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை என்று வைத்தால் இரண்டு லாபம். ஒன்று, ஓய்வு தூக்கத்தோடு ஆரம்பிக்கிறது. நாம் எதையும் செய்து சம்பாதிப்பதற்கு முன்பே நாளில் பாதி போய்விடுகிறது. இன்னொன்று, ஞாயிறு மாலை 6 மணிக்குப் பிறகு துணி தேய்ப்பதும் மறுநாளுக்குப் பை அடுக்குவதும் குற்ற உணர்வில்லாமல் நடக்கும். வளர்ந்த ஒருவருக்குத் தினமும் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. வாரம் முழுக்க 5 மணி நேரம் தூங்கியவர் முதல் சில ஓய்வுநாட்களில் ஜெபத்திலேயே கண்ணயர்ந்துவிடுவார். அதற்காக நொந்துகொள்ள வேண்டாம். போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் தந்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டு மறுபடி படுக்கவும் விட்டான். கர்த்தர் அவனோடு பேசியது பிறகுதான், ஓரேப் மலையில்.

ஷிப்டில் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. இரவுப் பணி முடிந்த காலையிலிருந்து 24 மணி நேரத்தை எண்ணினால் பகல் தூக்கமே ஓய்வுநாளைத் தின்றுவிடும். தூங்கி எழுந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். ஞாயிறு வேண்டுமென்றால் ரோஸ்டர் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும், பதிலாக எந்த ஷிப்டை எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போட்டபின் கேட்டால் இன்னொருவருடைய ஓய்வைத்தான் பிடுங்குகிறோம். ஞாயிறு கிடைக்கவே இல்லையா, வேறு நாள். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்றார் இயேசு.

இது கெட்டுப்போகும் வழிகளில் முதலாவது, ‘இந்த வேலை மட்டும் முடியட்டும்’. ஆண்டுக் கணக்கு முடிப்பு, ஆடிட், பெரிய டெட்லைன் என்று ஒன்று எப்போதும் இருக்கும். யாத்திராகமம் 34:21 விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு என்று குறிப்பிட்டே சொல்வது, சாக்கு அங்கேதான் முளைக்கும் என்பதால்தான் என்று தோன்றுகிறது. முடித்துவிட்டு ஓய்ந்தால் அது கூலி. முடியாமலே ஓய்வதற்குத்தான் விசுவாசம் வேண்டும்.

இரண்டாவது, சபை வேலை. பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, கமிட்டி, கணக்கு என்று காலை 7 முதல் மதியம் 2 வரை ஓடியவர் ஊழியம் செய்தார், ஓய்வெடுக்கவில்லை. அதை வேலையாகவே எண்ணி வேறொரு அரை நாளை ஒதுக்குவது நல்லது. போதகர்களுக்கு ஞாயிறுதான் வாரத்தின் உச்ச வேலை. அவர்களுடைய ஓய்வுநாள் எது, அன்று மருத்துவமனை, அடக்க ஆராதனை அழைப்புகள் யாருக்குப் போகும் என்பதைக் கமிட்டி எழுத்தில் வைக்காதவரை அந்த நாள் பெயரளவுக்குத்தான்.

மூன்றாவது பேசப்படுவதே இல்லை: ஒருவருடைய ஓய்வு இன்னொருவர் தலையில் ஏறுவது. உபாகமம் 5:14 வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. அப்பா ஆராதனை முடிந்து சாய்வு நாற்காலியில் இருக்க, அம்மா அடுப்படியில் நின்றால் அந்த வீட்டில் ஓய்வுநாள் இன்னும் வரவில்லை. முந்தின மாலை எல்லோருமாக ஒரு மணி நேரம் நறுக்கி, அரைத்து, பாத்திரத்தையும் கழுவி வைத்தால் நிலைமை மாறும்.

அதிகாரத்தில் இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ஆராதிக்கப் போகக் கேட்ட ஜனங்களைச் சோம்பேறிகள் என்று திட்டியவன் பார்வோன். வைக்கோல் கிடையாது, செங்கல் எண்ணிக்கையும் குறையாது என்றான். விடுப்புக் கடிதத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று யோசிக்கலாம். ஞாயிறு இரவு மெசேஜ் அனுப்பிவிட்டு ‘நாளை பார்த்தால் போதும்’ என்று சேர்ப்பதில் பயனில்லை, படித்தவர் மனசு அப்போதே அலுவலகம் போய்விட்டது. திங்கள் காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி பெரும்பாலான மெயில்களில் இருக்கிறது. தொழிற்சாலை வேலையில் ஏழு நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு என்பது 1921ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது; அதைத் தருவதைத் தயவு போலக் காட்டிக்கொள்வது அழகில்லை.

திரும்பி வரும்போது ஏதோ ஒன்று பிசகியிருக்கும். பெரும்பாலும் குறிப்பில் ஒரு வரி விட்டுப்போனதால்தான். அடுத்த வாரக் குறிப்பில் அதைச் சேர்த்தால் போதும், இனி விடுப்பே வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. நாம் செய்திருக்கும் விதத்தில் செய்யாமல் வேறு விதமாக அந்த வேலையை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். திங்கள் காலை முதல் மெயில் அவருக்கு, பெயர் சொல்லி, எந்த வேலைக்கு என்று சொல்லி நன்றியாகப் போகட்டும். அவருடைய விடுப்பு நாளில் அவசர அழைப்பு நம் எண்ணுக்கு வரும்படி ரோஸ்டரிலும் அப்போதே எழுதிவிடலாம்.