கெர்னல் வழியே செய்தி செல்லும் வேகம்

கெர்னல் என்பது இயக்குதளத்தின் மையக்கரு; அதில் மிக அவசியமானவற்றை மட்டும் வைத்து, மற்றவற்றைத் தனி நிரல்களாக்கும் மைக்ரோகெர்னல் என்றாலே மெதுவானது என்ற எண்ணம் நிலைபெற்றதற்கு, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான மாக் கெர்னலில் நிரல்களுக்கிடையே செய்தி அனுப்ப ஆன நேரமே முதன்மைக் காரணம். ஜெர்மனியைச் சேர்ந்த யோகன் லீட்கே 1993இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 50 மெகாஹெர்ட்ஸ் 486 செயலி கொண்ட கணினியில் 8 பைட் செய்திக்கு மாக் ஏறத்தாழ 115 மைக்ரோவிநாடி எடுத்துக்கொள்ள, அவருடைய எல்3 கெர்னலோ சுமார் 5 மைக்ரோவிநாடியில் அதை முடித்தது.

சிறிய செய்திகளை அவர் நினைவகத்தில் எழுதாமல் செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களிலேயே கொண்டுசென்றார். பெரிய செய்திகளுக்கு, பெறும் நிரலின் நினைவகப் பகுதியை அனுப்பும் நிரலின் முகவரிவெளியில் (அதற்கென ஒதுக்கப்பட்ட நினைவக முகவரிகளின் தொகுப்பில்), கெர்னலுக்கு மட்டும் எட்டும்படி தற்காலிகமாக இணைத்து, இருமுறை நகலெடுக்கும் வேலையை ஒருமுறையாகக் குறைத்தார். அனுப்பிய நிரல் பதிலுக்குக் காத்திருக்கையில், அடுத்து எந்த நிரல் ஓடும் என்பதை முடிவுசெய்யும் ஷெட்யூலரைக் கேளாமலே கெர்னலைப் பெறும் நிரலுக்கு நேராகத் தாவச் செய்தார். என் பார்வையில் இவற்றினும் முக்கியமானது, செயலியின் அதிவேகச் சிறு நினைவகமான கேஷில் கெர்னல் மிகச் சிறிய இடத்தையே பிடிக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம்.

ஆயினும் அவர் கையாண்ட உத்திகள் அனைத்தும் நிலைக்கவில்லை. காத்திருக்கும் நிரல்களை ஓடத் தயாரானவற்றின் வரிசையிலிருந்து உடனே நீக்காமல் விட்டுவைத்த உத்தி சராசரி வேகத்தைக் கூட்டினாலும், ஷெட்யூலர் பிற்பாடு எத்தனை நிரல்களை அகற்ற நேரும் என்பதற்கு வரம்பில்லாமல் செய்ததால், எல்3க்குப் பின் அவர் உருவாக்கிய எல்4 கெர்னலின் மரபில் வந்த எஸ்இஎல்4 கெர்னல் அதனைக் கைவிட்டது.