கரும்புகை தள்ளுற பழைய பிக்கப்: பம்ப்ப கழட்டுறதுக்கு முன்னாடி காத்து வழிய பாருங்க

பழைய டீசல் பிக்கப் கருப்பா புகை தள்ள ஆரம்பிச்சா பட்டறைல எடுத்த உடனே சொல்றது "நாசில் போச்சு, பம்ப்ப கழட்டி கேலிபரேஷன் பண்ணணும்"தான். நாசில்ங்கறது சிலிண்டருக்குள்ள டீசல பீச்சுற முனை, பம்ப் அதுக்கு டீசல அழுத்தி அனுப்புறது, கேலிபரேஷன்னா அது அனுப்புற அளவ சரி பண்றது. அவங்க சொல்றது உண்மையாவும் இருக்கலாம், ஆனா பெரிய செலவு அங்கதான் இருக்கு, அதனால அத கடைசியா பாருங்கன்னு சொல்றேன். கரும்புகைங்கறது அரைகுறையா எரிஞ்ச டீசலோட கரி, அதாவது உள்ள போற டீசலுக்கு காத்து பத்தல. நீலமா வந்தா ஆயில் எரியுது, சூடான பிறகும் வெள்ளையா வந்தா எரியாத டீசலோ கூலன்ட்டோ ஆவியா வருது, அது ரெண்டும் வேற பிரச்சனை.

புகை எப்ப வருதுன்னு கவனிச்சாலே பாதி தெரிஞ்சிரும். திடீர்னு மிதிக்கறப்ப லேசா ஒரு தடவ குப்புன்னு வந்து நின்னுட்டா பழைய டர்போ (வெளிய போற புகையால சுத்தி இன்ஜினுக்கு காத்த அழுத்தி அனுப்புற விசிறி) வண்டிக்கு அது சகஜம், டர்போ வேகம் எடுக்கறதுக்குள்ள டீசல் முந்திக்கும். ஐட்லிங்லயே கருப்பா, டக் டக்னு தட்டுற சத்தத்தோட வந்தா நாசில் ஒழுகுதான்னு சந்தேகப்படலாம். லோடோட மேடு ஏறுறப்ப மட்டும் விடாம வந்துச்சுன்னா மொதல்ல காத்து வழிதான்.

மச்சான் வண்டி அப்படித்தான். தாளவாடிக்கு உர மூட்டை ஏத்திட்டு பண்ணாரி தாண்டி திம்பம் மலைல ஏறுனா, அந்த 27 கொண்டை ஊசி வளைவுலயும் பின்னாடி வர்றவங்களுக்கு ரோடே தெரியாது, இழுவையும் சுத்தமா இல்ல, ஆனா கீழ சமதளத்துல ஒண்ணுமே இருக்காது. நாலு நாசிலும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. கடைசில பாத்தா டர்போ அனுப்புற காத்த குளுமையாக்குற இன்டர்கூலர்லேருந்து, சிலிண்டர்களுக்கு காத்த பிரிச்சு விடுற மேனிஃபோல்டுக்கு வர்ற ரப்பர் ஹோஸ்ல அடிப்பக்கமா ஒரு கீறல், நின்ன வண்டில மூடிக்கிட்டு இருக்கும், பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கற காத்தழுத்தம், ஏறுனா வாய பொளந்துக்கும். சும்மா ரேஸ் கொடுத்தா பூஸ்ட் அவ்வளவா வராது, அதனால பட்டறைல நிறுத்தி பாத்தா தெரியாது. ஹோஸ சுத்தி ஆயில் கசிஞ்சு தூசி ஒட்டியிருக்கும், மேட்டுல உஸ்ஸுன்னு சத்தம் வரும். டர்போ வாய அடச்சு 15 பிஎஸ்ஐ தாண்டாம காத்து விட்டு சோப்பு தண்ணி அடிச்சா நுரை காட்டிக்கொடுத்துரும்.

ஏர் ஃபில்டரும் அதே மாதிரி, ஊதி ஊதி போடாம புதுசு போட்டு பாருங்க. ஈஜிஆர் (வெளிய போற புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற அமைப்பு) இருக்கற வண்டியா இருந்தா வால்வு கரி பிடிச்சு திறந்தே நிக்குதான்னு பாக்கணும். ஓடி வந்து நிறுத்துனதும் ஒரு வீல் மட்டும் கொதிச்சுதுன்னா பிரேக் பிடிச்சிருக்கு, இன்ஜின் சும்மாவே லோடு இழுக்குது.

இதெல்லாம் சரியா இருந்தாதான் நாசில். மெக்கானிக்கல் பம்ப் வண்டில ஐட்லிங்ல ஒவ்வொரு நாசில் பைப் நட்டா லேசா லூஸ் பண்ணி பாப்பாங்க, எந்த சிலிண்டர்ல புகையும் தட்டுற சத்தமும் குறையுதோ அதத்தான் கழட்டி டெஸ்டர்ல போடணும். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாய்ல உயர் அழுத்தத்துல டீசல் நிக்கற) வண்டில இத செய்யவே செய்யாதீங்க, 1000 பாருக்கு மேல போற டீசல் தோல துளைச்சு உள்ள போயிரும், கை போற அளவுக்கு ஆபத்து.

இழுவை வரட்டும்னு பம்ப்ல டீசல் ஸ்க்ரூவ கூட்டி வைக்கறவங்க மேல எனக்கு உண்மையிலேயே கோவம் வரும். காத்து பத்தாத இன்ஜினுக்கு இன்னும் டீசல் ஊத்துனா வெப்பம் ஏறி பிஸ்டன் தலையே உருகலாம். அதோட டீசல் புகை கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பே 2012ல அறிவிச்சிருக்கு, பின்னாடி பைக்ல குழந்தைய வச்சிட்டு வர்றவங்கதான அத சுவாசிக்கறாங்க.

புகை டெஸ்ட்ல பிஎஸ் 4 (வண்டி புகைக்கான அரசு தரம்) வர்றதுக்கு முந்தின வண்டிக்கு 65 ஹெச்எஸ்யூ (புகையோட அடர்த்திய சொல்ற அளவு) வரைக்கும் விடுவாங்க, பிஎஸ் 4க்கு 50. ஆனா அங்க நியூட்ரல்ல ரேஸ் கொடுத்துதான் பாக்கறாங்க, லோடு கிடையாது, அதனால ஹோஸ் கிழிஞ்ச வண்டி கூட பாஸ் ஆயிரலாம். சர்டிபிகேட் இருக்குன்னு விட்டுராம, லோடோட மேடு ஏறுறப்ப பின்னாடி ஒருத்தர வேற வண்டில வரச்சொல்லி எந்த கியர்ல எவ்வளவு நேரம் புகை வருதுன்னு பாக்கச் சொல்லுங்க, பட்டறைக்கு போனா அத அப்படியே சொல்லுங்க.