லிங்குக்குக் கீழே ஒரு வரி

வானியல் ஆர்வலர்களுக்கான வெப்சைட் டைரக்டரி அது; அதாவது, நல்ல தளங்களின் லிங்குகளைத் தலைப்புவாரியாக அடுக்கிய பட்டியல். நடத்திவந்த நண்பருக்கு நேரமில்லாமல் போக, பொறுப்பு என் தலையில் விழுந்தது. "இந்தக் காலத்தில் டைரக்டரியை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1994-இல் தொடங்கிய யாகூ டைரக்டரியே 2014 கடைசியில் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் தொகுத்த டிமோஸ் என்ற டைரக்டரி 1998-இல் ஆரம்பித்து 2017-இல் நின்றுபோனது. இணையம் முழுவதையும் அடுக்கிவைக்கும் வேலையில் தேடுபொறியோடு மல்லுக்கட்ட முடியாது. ஆனால் ஒரு துறைக்குள் "இதைப் பார், அதை விடு" என்று ஒரு ஆள் பொறுக்கித் தந்தால் அதற்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

முதல் வேலை களையெடுப்பு. செத்த லிங்குகளைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது. 404, அதாவது "பக்கம் இல்லை" என்ற பதில், வந்தால் சொல்லிவிடும். டிமோஸில்கூட ரோபோசில்லா என்ற நிரல் இதைத்தான் செய்தது. தொல்லை தருவது 200, அதாவது "எல்லாம் சரி", என்று பதில் சொல்லும் பக்கங்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) காலாவதியாகி, வேறு யாரோ வாங்கி, கிரகண அட்டவணை இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். மென்பொருளின் கணக்கில் அந்தத் தளம் சௌக்கியமாக இருக்கிறது! அதனால் ஒவ்வொன்றையும் கையால் திறந்துதான் பார்த்தேன். மூடிப்போன நல்ல தளங்களுக்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பிரதி இருந்தால், "பழைய பிரதி" என்று குறித்து அந்த லிங்கைப் போட்டேன். பதிவுக்குப் பதிவு "கடைசியாகச் சரிபார்த்த தேதி" வைத்தது இதற்குப் பிறகுதான்.

அதிக நேரம் தின்றது ஒவ்வொரு லிங்குக்கும் கீழே வரும் விவரக்குறிப்பு. பழைய பட்டியலில் பாதிக்கு மேல் "மிகச் சிறந்த வானியல் தளம்" என்ற ரகம். இதைப் படித்து யார் எதைத் தெரிந்துகொள்வது? ஒன்றை இப்படி மாற்றினேன்: "சர்வதேச விண்வெளி நிலையம் உங்கள் இடத்துக்கு மேல் எப்போது கடக்கும், எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று சொல்லும். கணக்குத் தொடங்கத் தேவையில்லை. கைப்பேசியில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும்." குறையையும் சேர்த்துச் சொன்னதும் சில தளக்காரர்களுக்குக் கோபம். பார்வையாளர்களோ அதற்குப் பிறகுதான் மற்ற வரிகளையும் நம்ப ஆரம்பித்தார்கள். ஒரு தளத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வரவில்லை என்றால் அது பட்டியலில் இருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

வகைப்பாட்டில் "மற்றவை" வயிறு வீங்கிக் கிடந்தது. அதைப் பிரித்துப் போட்டேன். "தொலைநோக்கி" என்ற ஒரே தலைப்பை வாங்க, செய்ய, பயன்படுத்த என்று மூன்றாக்கினேன். வருபவர்கள் அந்த மூன்று நோக்கத்தோடுதான் வருகிறார்கள். இரண்டு இடத்துக்குப் பொருந்துவதை இரண்டு இடத்திலும் காட்டினேன். யாகூ அந்த நாளிலேயே @ குறி போட்டு இந்தக் குறுக்கு வழியைக் காட்டியிருந்தது.

அலங்காரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேலே தேடல் பெட்டி, அதன் கீழே புதிதாகச் சேர்ந்தவை. மின்னும் பேனர்களை எடுத்துவிட்டேன்.

மிச்சமிருந்த தலைவலி, தளத்தைச் சேர்க்கச் சொல்லி வரும் விண்ணப்பங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது வாசகர் இல்லை, பேக்லிங்க்: தேடுபொறியில் தங்கள் தளம் மேலே வர உதவும், வேறு தளத்திலிருந்து வரும் லிங்க். பணம் கொடுத்து இடம் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். "இந்த லிங்கை என் பரிந்துரையாகக் கணக்கில் எடுக்காதே" என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி 2005-இல் வந்தது; அதை எல்லா லிங்கிலும் போடலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டேன். நானே பார்த்துத் தேர்ந்ததை நானே நம்பவில்லை என்பதுபோல் ஆகிவிடும். அதற்குப் பதில் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: "இந்தத் தளத்தை யார், எதற்காகத் திறப்பார்கள்?" அதன்பின் குப்பை விண்ணப்பங்கள் வெகுவாகக் குறைந்தன. வருகிற பதில்களில் சில நான் எழுதுவதைவிட நன்றாகவே இருக்கின்றன. தளத்தைத் திறந்து பார்த்து, சொன்னது சரிதான் என்றால் அதையே விவரக்குறிப்பாகப் போட்டுவிடுகிறேன்.